வெயில் நாளில் ரோம்: காலை முதல் அந்தி வரை நடந்தே பார்க்க ஒரு வழிகாட்டி

ரோம் நகரின் பழைய பகுதியை நடந்துதான் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து ஒன்று பத்து நிமிட நடையில் இருக்கின்றன. இடையில் உள்ள சந்துகளில் பேருந்தும் போகாது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் வெயிலில், வரைபடத்தில் அருகருகே தெரியும் இடங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினால் மதியம் இரண்டு மணிக்கே உடம்பு ஓய்ந்துவிடும். எந்த இடம் எந்த நேரத்தில் நிழலில் இருக்கும், எந்தக் கதவு எப்போது சாத்தப்படும் என்ற இரண்டையும் வைத்து நாளை வகுத்துக்கொண்டால், அதே தூரத்தைச் சிரமமில்லாமல் நடக்கலாம். கீழே உள்ள நேரங்கள் ஜூன் மாத நாளுக்குக் கணக்கிட்டவை. செப்டம்பரில் போகிறவர்கள் மாலை நிகழ்ச்சிகளை ஒன்றரை மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெயிலைப் புரிந்துகொள்ளுங்கள்

"சென்னை வெயிலையே பார்த்தாச்சு, ரோம் வெயில் என்ன செய்யும்?" என்று நினைத்து ஏமாறுபவர்கள் பலர். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, பிற்பகல் 1.10 வாக்கில். நம் ஊரில் மூன்று மணிக்கு மேல் குறையத் தொடங்கும் வெயில் அங்கே ஐந்து மணிக்கும் சுடும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 8.45 ஆகிவிடும். காற்றும் சென்னையை விட உலர்ந்தது. வியர்வை உடனே காய்ந்துபோவதால் எவ்வளவு நீர் இழக்கிறோம் என்பது தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் தண்ணீர் ஞாபகம் வரும்.

ஆகவே பிற்பகல் 1 முதல் 4 வரை திறந்தவெளியில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கொலோசியம், பழைய ரோமானியச் சந்தைவெளி, சிர்கோ மாசிமோ என்னும் பழைய தேரோட்ட மைதானம் ஆகிய மூன்றிலும் மர நிழல் மிகக் குறைவு. அவற்றை மாலைக்குத் தள்ளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

அடிப்பாகம் தடித்த, ஏற்கெனவே ஒரு மாதமாவது போட்டுப் பழகிய காலணி. ரோமின் பழைய தெருக்களில் சாம்பியெத்ரினி என்னும் கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். எரிமலைக் குழம்பு உறைந்த கல்லைக் கையளவு துண்டுகளாக்கி, சிமென்ட் பூசாமல் மண்ணில் அடித்து இறக்கியது. கற்களுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கும், மட்டமும் சீராக இருக்காது. மெல்லிய செருப்பில் மூன்று மணி நேரம் நடந்தால் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் பாதத்தில் தெரியும். குதிகால் உயர்ந்த செருப்பு இடுக்கில் மாட்டிக் கணுக்கால் பிசகும். புதுக் காலணியோ பகல் பத்து மணிக்குள் கொப்புளம் போட்டுவிடும். கொப்புளத்துக்கான பிளாஸ்டர் நான்கு வைத்திருங்கள். குதிகாலில் சூடு தெரிய ஆரம்பித்ததும் ஒட்டிவிட வேண்டும். தோல் எழும்பிய பிறகு ஒட்டினால் பலன் குறைவு.

முக்கால் லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்று போதும், வழியெல்லாம் நிரப்பிக்கொள்ளலாம். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு. விளிம்பு அகன்ற தொப்பி. ஒரு மெல்லிய பருத்தித் துப்பட்டா அல்லது பெரிய துண்டு: தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதே விதிதான். வெயிலில் அதே துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். கைபேசிக்கு ஒரு பவர் பேங்க். சந்துகளில் வழி தேடித் தேடியே மின்சாரம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

ஒரு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்கள் ஒரு கைப்பிடி வேண்டும். பல தேவாலயங்களில் ஓவியத்தின் மேல் விளக்கு எரிய நாணயம் போட வேண்டும். கட்டணக் கழிப்பறைக்கும் அதுவே கை கொடுக்கும்.

தண்ணீர்

ரோம் நடைப்பயணிக்குச் செய்யும் பெரிய உபகாரம் அதன் தெருக்குழாய்கள். நசோனி என்பது பெயர். ஆளின் மார்பளவு உயர வார்ப்பிரும்புத் தூண், அதிலிருந்து மூக்குப்போல் வளைந்து இறங்கும் ஒரு குழாய். 1870-களில் வைக்கத் தொடங்கியவை, இன்று நகரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 2,500 இருக்கின்றன. தண்ணீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர்ந்திருக்கும், வீட்டுக்குழாயில் வரும் அதே குடிநீர்தான். திருகு எதுவும் கிடையாது.

குடிக்கும் முறை தெரியாமல் பலர் குனிந்து வாயைக் கோணலாக வைத்துச் சட்டையை நனைத்துக்கொள்கிறார்கள். குழாய் வளைவின் மேற்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் அந்தத் துளை வழியாக மேல்நோக்கி வில்லாகப் பீய்ச்சும். நிமிர்ந்தவாறே குடிக்கலாம். மெதுவாக அடையுங்கள், சட்டென்று அழுத்தினால் எதிரில் நிற்பவர் நனைந்துவிடுவார். பாந்தியோன் என்னும் பழைய ரோமானியக் கோயிலுக்கு முன்னுள்ள சதுக்கத்தில் இருப்பது பழைய வகை: மூன்று டிராகன் தலைகளின் வாயிலிருந்து நீர் விழும். அந்த வகையில் மிஞ்சியவை மிகச் சிலவே.

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என ஓஆர்எஸ் கலந்துகொண்டால் கால் பிடித்துக்கொள்வது குறையும். "நோன் போத்தாபிலே" என்று பலகை இருந்தால் அது குடிக்கும் நீர் அல்ல. ட்ரெவி போன்ற அலங்கார நீரூற்றுகளின் தொட்டி நீரும் அப்படியே, அதில் கையை நனைப்பதும் காலை வைப்பதும் அபராதத்தில் முடியும்.

சாலையைக் கடப்பது

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நடைபாதையிலிருந்து இறங்கும்போது முதல் வண்டி உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். நம் கண் பழக்கத்தால் வலப்பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைக்கும். ஆபத்து அங்கேதான். ஒவ்வொரு முறையும் முதலில் இடது, பிறகு வலது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில் காத்து நின்றால் பெரும்பாலும் வண்டிகள் நிற்காது. ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, சீரான நடையில் இறங்கினால் நிறுத்துவார்கள். நடுவில் தயங்கி நிற்பதும் ஓடுவதும் கூடாது, ஸ்கூட்டர்காரர்கள் உங்கள் வேகத்தைக் கணக்கிட்டே ஒதுங்கிப் போகிறார்கள்.

காலை 7.30: போப்போலோ சதுக்கத்திலிருந்து

மெட்ரோ ஏ தடத்தில் பிளமினியோ நிலையத்தில் இறங்குங்கள். நுழைவாயிலைக் கடந்தால் போப்போலோ சதுக்கம். நடுவில் எகிப்திலிருந்து அகஸ்டஸ் பேரரசர் கொண்டுவந்த கல்தூண். எதிரே மூன்று தெருக்கள் பிரிகின்றன. இடது கோடியில் உள்ள வியா தெல் பாபுயினோவைப் பிடித்து நேரே நடந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் ஸ்பானியப் படிகள்.

படிகள் மேற்கு பார்த்தவை. காலை எட்டு மணிக்குக் கீழ்ப்படிகளாவது நிழலில் இருக்கும், பிற்பகலிலோ கல்லே கொதிக்கும். 1720-களில் கட்டிய இந்தப் படிகளில் ஏறலாம், இறங்கலாம், உட்காரக்கூடாது. 2019 முதல் இது சட்டம், காவலர் விசில் ஊதுவார், அபராதமும் உண்டு. மேலே ஏறி ஒருமுறை நகரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அங்கிருந்து ட்ரெவிக்குப் பத்து நிமிடம். எட்டரைக்குள் சேர்ந்துவிட்டால் முழு நீரூற்றையும் நின்று பார்க்கலாம். ஒன்பதுக்குப் பிறகு கூட்டம் சேர்ந்துவிடும். தொட்டி ஓரத்துக்கு இறங்குவோரின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. 1762-இல் முடிந்த கட்டுமானம் இது. நீர் வருவதோ கி.மு. 19-இல் வெட்டிய வாய்க்காலின் வழி. மக்கள் வீசும் நாணயங்களைச் சேகரித்து ஏழைகளுக்கான தொண்டுக்குத் தருகிறார்கள். ட்ரெவிக் கூட்டத்தில் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்க இரு கையையும் உயர்த்தும் நேரம்தான் ஜேப்படிக்காரர்களுக்கு வாய்ப்பு.

காபி குடிக்க இது சரியான நேரம், ஆனால் ட்ரெவியைப் பார்த்த கடையில் வேண்டாம், இரண்டு தெரு தள்ளிப் போங்கள். பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதை வாங்கிக் காபி போடுபவரிடம் காட்ட வேண்டும். நின்று குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும். அதே காபியை மேசையில் உட்கார்ந்து கேட்டால் மூன்று, நான்கு மடங்கு ஆகலாம். "காஃபே" என்றால் சிறு கோப்பையில் இரண்டு மிடறு கடுங்காபி வரும். நம் ஊர் போலப் பாலோடு வேண்டுமென்றால் "கப்புச்சீனோ" கேளுங்கள். வெறும் "லாத்தே" என்று கேட்டால் பால் மட்டும் கிடைக்கும்! கழிப்பறையையும் இங்கேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள். "பாக்னோ?" என்று கேட்டால் போதும். பொதுக் கழிப்பறைகள் மிகக் குறைவு.

9.15 முதல் 12 வரை: மூடும் கதவுகளுக்கு முன்னால்

ரோமின் சிறு தேவாலயங்கள் பல 12.30 வாக்கில் சாத்திவிட்டு மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். அனுமதி இலவசம், உள்ளே குளிர்ச்சி, உலகின் தலைசிறந்த ஓவியங்கள் சுவரிலேயே இருக்கின்றன. இதைத் தவறவிடுவதைப் போன்ற நஷ்டம் இந்த நகரில் வேறில்லை. ஆகவே காலை முழுவதையும் இவற்றுக்கே கொடுங்கள். ஞாயிறு காலை என்றால் திருப்பலி நடக்கும், அப்போது சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள்.

முதலில் சாந்த் இக்னாசியோ. உள்ளே கண்ணாடி வைத்துப் படம் எடுக்க ஒரு வரிசை நிற்கும், அதில் சேர வேண்டாம். நடுக்கூடத்தில் நடந்தபடி தரையில் வட்டமான பளிங்குக் கல்லைத் தேடுங்கள். அதன்மேல் நின்று பலிபீடத்துப் பக்கம் அண்ணாந்தால் உயர்ந்த குவிமாடம் தெரியும். இன்னும் பத்தடி முன்னே போங்கள், குவிமாடம் சரியத் தொடங்கும். அது கட்டடமே அல்ல. 1685-இல் அந்திரேயா போட்ஸோ துணியில் தீட்டித் தட்டையாகப் பொருத்திய ஓவியம்.

பாந்தியோனை இப்போது வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போங்கள். ஐந்து நிமிடத்தில் சான் லூயிஜி தே ஃபிரான்செஸி. இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜியோ வரைந்த மூன்று மத்தேயு ஓவியங்கள். மத்தேயுவை இயேசு அழைக்கும் படத்தில் ஒளி வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் ஒன்றும் தெரியாது, கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள்.

அடுத்த தெருவில் சாந்த் அகோஸ்தினோ. கூட்டமே இருக்காது. நுழைந்ததும் இடப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் கரவாஜியோவின் இன்னொரு ஓவியம்: குழந்தையோடு வாசலில் நிற்கும் மாதா முன் இரண்டு ஏழை யாத்திரிகர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். ஆணின் வெறும் பாதங்கள் நம்மைப் பார்த்து நீண்டிருக்கின்றன, உள்ளங்கால் முழுக்க அழுக்கு. நெடுந்தூரம் நடந்து வந்தவனின் கால் அது. பலிபீடத்து ஓவியத்தில் இப்படி அழுக்குக் காலைத் தீட்டியதே அந்தக் காலத்தில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. ஒரு நாள் முழுக்க ரோமில் நடக்கப்போகிறவர்கள் இந்த ஓவியத்தின் முன் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும்.

பிறகு நவோனா சதுக்கம். டொமீசியன் பேரரசரின் ஓட்டப்பந்தய அரங்கின் மேல் எழுந்ததால் அதே நீள்வட்ட வடிவம். நடுவில் சிற்பி பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று, 1651-இல் முடிந்தது. கையில் நீண்ட துடுப்புடன் இருப்பவர் கங்கை. முகத்தைத் துணியால் மூடியிருப்பவர் நைல், அதன் மூலம் ஐரோப்பியருக்கு அப்போது தெரியாது.

12 மணி: பாந்தியோன்

தேவாலயங்கள் சாத்தும் நேரத்தில் திறந்திருக்கும் இடம் இது. உச்சிவெயிலுக்கு ஏற்ற இடமும் இதுவே. 2023 ஜூலை முதல் கட்டணம் வசூலிக்கிறார்கள். முன்கூட்டியே இணையத்தில் 12 அல்லது 12.30 மணிக்குச் சீட்டு எடுத்துவிடுங்கள். வாசல் வரிசை முழு வெயிலில் நிற்கும்.

ஏட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சி வரையுள்ள உயரமும் ஒன்றே: 43.3 மீட்டர். கம்பி வைத்துக் கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் உலகில் இதுவே பெரியது. மேலே போகப்போக எடை குறைந்த கல்லைக் கலந்து, சுவரையும் மெலிதாக்கியதால் இத்தனை காலம் நிற்கிறது. உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத் திறப்பு, கண்ணாடி கிடையாது. மழை உள்ளே விழும், தரையில் வடிகால் துளைகள் இருக்கின்றன. வெயில் நாளில் அந்தத் திறப்பு வழியே ஒளி ஒரு வட்டமாக இறங்கும். கோடையில் நண்பகலை ஒட்டி அது தரைக்கே வந்துவிடும், குளிர்காலத்திலோ குவிமாடத்தின் உட்புறத்தோடு நின்றுவிடும். நண்பகல் சீட்டு எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அரைமணி நேரம் இருந்தால் ஒளிவட்டம் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

1 முதல் 4 வரை: சாப்பாடு, நிழல்

தெற்கே காம்போ தே ஃபியோரி பக்கம் சந்து வழியாக இறங்குங்கள். காலைச் சந்தை இரண்டு மணிக்குள் மூட்டை கட்டிவிடும், ஞாயிறு விடுமுறை. நடுவில் முக்காடிட்டு நிற்கும் சிலை தத்துவ அறிஞர் ஜோர்தானோ புரூனோ. 1600-இல் இதே இடத்தில் அவரை உயிரோடு எரித்தார்கள்.

வேகமாகவும் மலிவாகவும் சாப்பிட பீட்ஸா அல் தாலியோ கடைகள். நீள்சதுரத் தட்டில் சுட்ட பீட்ஸாவை வெட்டி எடைபோட்டுத் தருவார்கள். விலைப்பலகையில் "எத்தோ" என்றிருப்பது 100 கிராம் விலை. அதைக் கிலோ விலை என்று நினைத்தால் கல்லாவில் அதிர்ச்சிதான். வேண்டிய அகலத்தைக் கையால் காட்டுங்கள். ஒருவருக்கு 250 முதல் 300 கிராம் போதும்.

சைவக்காரர்கள் கவனிக்க: "மரினாரா" பீட்ஸாவில் மீன் கிடையாது, தக்காளியும் பூண்டும் மட்டுமே, சீஸும் இல்லை. "சுப்ளி" என்னும் சோற்று உருண்டை சைவம் போலத் தெரியும், உள்ளே பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். கேட்காமல் வாங்காதீர்கள். கார்போனாரா, அமாத்ரிச்சானா என்னும் பாஸ்தா வகைகளில் பன்றியின் கன்ன இறைச்சி உண்டு. "காச்சோ எ பெப்பே" சீஸும் மிளகும் போட்ட பாஸ்தா. அதில் சேரும் பெக்கொரீனோ சீஸைச் செம்மறியாட்டுக் குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைப்பார்கள் என்பது கடும் சைவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "செந்த்ஸா கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் ரொட்டிக்கும் பரிமாறலுக்கும் ஓரிரு யூரோ பில்லில் சேரும், அது ஏமாற்று அல்ல. அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை.

தங்குமிடம் அருகில் என்றால் இரண்டு மணி நேரம் போய்ப் படுத்துவிடுங்கள், அதைவிடச் சிறந்த வழி கிடையாது. இல்லையென்றால் காம்போவுக்குப் பக்கத்திலேயே ஸ்பாடா மாளிகைக் காட்சிக்கூடம் இருக்கிறது. செவ்வாய் விடுமுறை. அங்கே கட்டடக் கலைஞர் பொரோமினி அமைத்த தூண் வரிசை நீண்ட தாழ்வாரம் போலத் தெரியும், உண்மையில் 9 மீட்டருக்கும் குறைவு. கோடியில் ஆளுயரம் போல் தோன்றும் சிலை இடுப்பளவுகூட இல்லை.

4 மணி: ஜெஸூ தேவாலயம்

வழியில் லார்கோ அர்ஜென்டினா, தெருமட்டத்துக்குக் கீழே பழைய இடிபாடுகள் கொண்ட சதுக்கம். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றது இங்கே இருந்த மண்டபத்தில்தான். மேலிருந்து பார்த்தாலே போதும், நிறையப் பூனைகளும் தெரியும்.

அடுத்து ஜெஸூ, இயேசு சபையின் தாய்க் கோயில். தமிழர்கள் இதை விடக்கூடாது. பலிபீடத்துக்கு வலப்பக்கம் உள்ள பீடத்தில், பொன்பூசிய பேழைக்குள் புனித சவேரியாரின் வலக்கை இருக்கிறது. 1542 முதல் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து பரதவ மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த கை. உடல் கோவாவில் இருக்க, முன்கையை மட்டும் 1614-இல் பிரித்து ரோமுக்கு அனுப்பினார்கள். மணப்பாடு, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

எதிர்ப்பக்கம் சபையை நிறுவிய இக்னாசியாரின் பீடம். மாலை 5.30-க்கு இசையோடு பெரிய ஓவியம் கீழிறங்கிப் பின்னாலுள்ள அவர் சிலை வெளிப்படும். 5.15-க்கே இருக்கை பிடித்து உட்காருங்கள், காலுக்கும் ஓய்வு.

6 மணிக்கு மேல்: திறந்தவெளிகள்

ஐந்து நிமிடத்தில் காம்பிதோலியோ குன்று. மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சாய்வுப்பாதையில் ஏறுங்கள். பக்கத்திலேயே அராச்சேலி தேவாலயத்துக்குச் செங்குத்தாகப் போகும் 124 படிகளை இந்த நேரத்தில் தொட வேண்டாம். நடுவில் குதிரைமேல் மார்கஸ் அரேலியஸ் சிலை நகல், அசல் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில். நகராட்சிக் கட்டடத்தின் பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போனால் ரோமானியச் சந்தைவெளி முழுவதும் காலடியில். கட்டணம் இல்லை. மாலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பதால் தூண்கள் நன்றாக ஒளிவாங்கி நிற்கும். காலையில் இதே இடத்தில் கண் கூசும், படமும் மங்கும்.

பிறகு கொலோசியம் வரை ஒரு கிலோமீட்டர் நேர்ச்சாலை. இன்று வெளியே மட்டும். உள்ளே போக வேறொரு நாள் காலையை ஒதுக்குங்கள், சீட்டில் பெயரும் நேரமும் இருக்கும், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். நான்கு அடுக்கும் முழுசாக நிற்பது வடபக்கம். மெட்ரோ நிலையத்துக்கு மேலுள்ள மேட்டிலிருந்து அது சரியாகத் தெரியும். இங்கே கையில் கயிறு கட்டிவிட்டு "பரிசு" என்பவர்களும், வீரர் வேடமிட்டுப் படத்துக்கு அழைப்பவர்களும் வருவார்கள். கையை நீட்டாமல், நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள்.

கான்ஸ்டன்டைன் வளைவைத் தாண்டி சான் கிரெகோரியோ சாலை, சிர்கோ மாசிமோ, அங்கிருந்து அவென்டைன் குன்றேற்றம்: மொத்தம் முப்பது நிமிடம். எட்டு மணிக்கு ஆரஞ்சுத் தோட்டத்தில் இருந்தால் தைபர் ஆற்றுக்கு அப்பால், பேதுரு பேராலயக் குவிமாடத்துப் பக்கம் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். இருட்டினால் தோட்டத்தின் கதவைச் சாத்துவார்கள். இருநூறு மீட்டர் தள்ளி, மால்டா வீரர் சபையின் வாயிற்கதவில் சாவித்துளை வழியாக அதே குவிமாடம் செடிவேலிக்கு நடுவே தெரியும். கட்டணம் இல்லை, வரிசை இருக்கும், அந்திக்குப் பிறகு குறையும். படமெடுக்க ஐந்து நிமிடம் கதவை மறிக்காதீர்கள், முதலில் கண்ணால் பாருங்கள்.

இவ்வளவும் வரைபடக் கணக்கில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், உள்ளே சுற்றுவது சேர்ந்து 13 ஆகலாம். குழந்தைகளோ முதியவர்களோ கூட இருந்தால் நான்கு மணிக்கு மேல் ஜெஸூவும் காம்பிதோலியோவும் மட்டும் போதும், அவென்டைன் ஏற்றத்தை விட்டுவிடுங்கள். யாருக்காவது தலைசுற்றலோ வாந்தியோ வந்து, வியர்வை நின்று தோல் சுட்டால் நடையை அங்கேயே நிறுத்தி நிழலில் படுக்க வைத்து உடம்பை நனையுங்கள், 112-ஐ அழையுங்கள்.

திரும்பக் குன்றிறங்கினால் பதினைந்து நிமிடத்தில் சிர்கோ மாசிமோ நிலையம், மெட்ரோ பி தடம். ஏ தடத்துக்குத் தெர்மினி நிலையத்தில் மாற வேண்டும். வங்கி அட்டையை வாயிலில் தட்டியே உள்ளே போகலாம், ஒருவருக்கு ஓர் அட்டை. வார நாள்களில் கடைசி ரயில் இரவு 11.30 வாக்கில், வெள்ளி, சனியில் 1.30 வரை உண்டு.